மதுரையை விட யாழ்ப்பாணம் பக்கம்! சென்னையில் இருந்து விமானத்தில் எவ்வளவு நேரம் ஆகும்?

சென்னைக்குப் பக்கத்தில் இருப்பது மதுரையா, யாழ்ப்பாணமா? பலரும் யோசிக்காமல் மதுரை என்று சொல்லிவிடுவார்கள். ஆனால் நேர்க்கோட்டில் அளந்தால் மதுரை சுமார் 415 கி.மீ., யாழ்ப்பாணம் சுமார் 355 கி.மீ. தான்!

எவ்வளவு நேரம் ஆகும்?

இந்த வழித்தடத்தில் பறப்பது ஏ.டி.ஆர். 72 ரக விமானம். சுமார் 70 பேர் உட்காரலாம். யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்தில் ஓடுபாதை நீளம் குறைவு என்பதால், பெரிய ஜெட் விமானங்களுக்குப் பதில் இந்த சிறிய விமானம் இயக்கப்படுகிறது.

இதன் வேகம் மணிக்கு சுமார் 500 கி.மீ. அப்படிப் பார்த்தால் முக்கால் மணி நேரத்தில் போய்விடலாமே? ஆனால் ஓடுபாதைக்குச் செல்வது, மேலே ஏறுவது, தரையிறங்குவது எல்லாம் சேர்ந்தால் சுமார் ஒன்றேகால் மணி நேரம் ஆகிவிடும். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் ஒரே நேரம் தான் என்பதால், கடிகாரத்தை மாற்ற வேண்டியதில்லை.

நேரடி விமானம் இல்லாவிட்டால்?

கொழும்பு வழியாகப் போகலாம். சென்னையில் இருந்து கட்டுநாயக்க விமான நிலையம் சுமார் 650 கி.மீ. அதாவது யாழ்ப்பாணத்தைத் தாண்டி தெற்கே போய், அங்கிருந்து பஸ்சிலோ ரயிலிலோ மறுபடியும் வடக்கே வர வேண்டும். இந்தத் தரைவழிப் பயணத்துக்கு மட்டும் 7 மணி நேரம் வரை ஆகும். 355 கி.மீ. தள்ளி இருக்கும் ஊருக்குப் போக 1,000 கி.மீ. பயணம்!

சென்னையில் இருக்கும் ஒருவருக்கு, யாழ்ப்பாணத்தில் உறவினர் இறந்துவிட்டதாக காலையில் போன் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அன்றைக்கே போய் முகம் பார்க்க முடியுமா, முடியாதா என்பதைப் பெரும்பாலும் இந்த விமானம் தான் முடிவு செய்கிறது.

நின்று நின்று வந்த சேவை

இந்த வழித்தடம் புதிதல்ல. 1947 டிசம்பரில் ஏர் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானமே ரத்மலானையில் இருந்து யாழ்ப்பாணம் வழியாக சென்னைக்குத் தான் பறந்தது. உள்நாட்டுப் போர் காலத்தில் பலாலி ராணுவத் தளமானது. பல பத்தாண்டுகளுக்குப் பிறகு, 2019 அக்டோபர் 17-ல் சர்வதேச விமான நிலையமாக மீண்டும் திறக்கப்பட்டது. கொரோனாவால் நின்ற சேவையை 2022 டிசம்பரில் அலையன்ஸ் ஏர் மறுபடியும் தொடங்கியது. 2024 செப்டம்பரில் இண்டிகோவும் வந்தது.

டிக்கெட் எடுக்கும் முன்...

சர்வதேசப் பயணம் என்பதால் பாஸ்போர்ட் கட்டாயம். நீங்கள் போகும் நாளில் விமானம் இருக்கிறதா, விசா விதி என்ன என்பதையும் பார்த்துவிடுங்கள். விமான நிலையத்துக்கு 3 மணி நேரம் முன்பே போய்விடுவது நல்லது. ஆக, பறக்கும் நேரம் ஒன்றேகால் மணி என்றாலும், வீட்டில் இருந்து கிளம்பி யாழ்ப்பாணம் போய்ச் சேர அரை நாள் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.