பன்னிரண்டு உப்புகளும் பன்னிரண்டு ராசிகளும்

தமிழ்நாட்டின் ஹோமியோபதி மருந்துக் கடைகளில் ‘பயோகெமிக்’ என்ற பெயரில் விற்கப்படும் சிறு வெள்ளை மாத்திரைகள், திசுக்களில் தாது உப்பு குறைவதே நோய்க்குக் காரணம் எனக் கருதிய ஜெர்மானிய மருத்துவர் வில்ஹெல்ம் சூஸ்லர் (1821–1898) வகுத்த பன்னிரண்டு உப்புகளைப் பால் சர்க்கரையுடன் படிப்படியாக அரைத்துத் தயாரிக்கப்படுபவை. 6எக்ஸ் எனப்படும் வீரியத்தில் மூல உப்பு பத்து லட்சத்தில் ஒரு பங்கே இருக்கும். இவற்றை ராசிகளோடு இணைத்தவர் அமெரிக்கரான ஜார்ஜ் வாஷிங்டன் கேரி. மேஷத்துக்குக் காலி பாஸ், சிம்மத்துக்கு மேக் பாஸ் என ஒவ்வொரு ராசிக்கும் ஓர் உப்பை அவர் உரித்தாக்கினார். அவர் கொண்டது சூரியன் நிற்கும் மேலைநாட்டு ராசி. தமிழ்ச் சோதிட வழக்கிலோ பிறந்தபோது சந்திரன் நின்ற ராசியே ஜன்ம ராசி என்பதால், ஒரே மனிதருக்கு இரு முறைகளும் வெவ்வேறு உப்புகளைக் காட்டக்கூடும். உப்புகளின் நோய் தீர்க்கும் ஆற்றலும் இந்த ராசிப் பொருத்தமும் அறிவியல் சான்றுகளால் நிறுவப்படவில்லை.