மெல்லிய பாலிமர் படலத்தில் வெப்பம் பரவுவதை ஒலியால் அளக்கும் முறை

புதுதில்லி: கோடைக்காலத்தில் மின்விசிறியின் வேகம் குறைந்தால், பழுது பார்ப்பவர் பெரும்பாலும் முதலில் மாற்றுவது அதன் கெப்பாசிட்டரைத்தான். அதன் உள்ளே உலோகம் பூசிய பாலிபுரொப்பிலீன் படலம் சுருளாக இருக்கிறது. படலத்தின் தடிமன் சில மைக்ரோமீட்டர்கள் மட்டுமே. மாறுதிசை மின்னோட்டம் அதில் சிறிதளவு வெப்பத்தை உண்டாக்குகிறது. அவ்வெப்பம் வெளியேறாமல் தேங்கினால் படலம் நலிவடைந்து, கெப்பாசிட்டரின் ஆயுள் குறைகிறது.

கூரை மின்விசிறிகளுக்கு நட்சத்திரக் குறியீடு 2023 ஜனவரி முதல் கட்டாயமாக உள்ளது. தில்லி ஆர்.கே.புரம் சேவா பவனில் இயங்கும் மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு இத்திட்டத்தை நடத்துகிறது. விசிறி செலவிடும் மின்சாரத்துக்கு எவ்வளவு காற்று கிடைக்கிறது என்பதையே நட்சத்திரங்கள் உணர்த்துகின்றன. படலத்துக்குள் வெப்பம் நகரும் விதத்தை ஆய்வகத்தில்தான் அறிய முடியும்.

வெப்பம் பரவும் விரைவைக் குறிக்கும் அளவு வெப்ப விரவுதிறன் எனப்படுகிறது. பாலிமர்களில் இது செம்பில் உள்ளதைப் போல ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்குதான். ஆயினும், 10 மைக்ரோமீட்டர் படலத்தைக் கடக்க வெப்பத்துக்கு ஒரு மில்லி விநாடியே போதும். சாதாரண வெப்பநிலை உணரியை ஒட்டினால், படலத்தைவிடப் பருமனான அந்த உணரியே அளவீட்டைக் கெடுத்துவிடும்.

இதற்குக் கைகொடுப்பது, அலெக்சாண்டர் கிரகாம் பெல் 1880-இல் கண்டறிந்த ஒளி-ஒலி விளைவு. விட்டுவிட்டு ஒளிரும் கதிர் பட்டால் பொருள் சூடேறித் தணிகிறது. அதைத் தொட்டிருக்கும் காற்று விரிந்து சுருங்கி ஒலி எழுப்புகிறது. கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கையாண்ட திறந்த கலன் முறையில், மாதிரியே மைக்ரோபோனின் வாயை மூடியிருக்கும். வெளிப்புறம் லேசர் ஒளி படும். வெப்பம் மாதிரியை ஊடுருவிய பின்னரே உள்ளே ஒலி பிறக்கும். ஒளி துண்டிக்கப்படும் அதிர்வெண்ணை மாற்றி, ஒலியின் வலிமையும் பின்தங்கலும் மாறுவதைக் கொண்டு விரவுதிறன் கணக்கிடப்படுகிறது.

கணக்கில் தடிமனின் இருமடி வருவதால், தடிமனில் நேரும் 5 சதவீதப் பிழை முடிவில் சுமார் 10 சதவீதமாகப் பெருகும். இத்துடன் சிக்கல் தீர்வதில்லை. கெப்பாசிட்டர் படலங்கள் இழுத்து நீட்டித் தயாரிக்கப்படுகின்றன. மூலக்கூறுச் சங்கிலிகள் படலத்தின் தளத்தில் படிந்திருப்பதால், குறுக்கே செல்வதைவிடத் தளத்தின் வழியே வெப்பம் எளிதாகப் பரவுகிறது. குறுக்களவை மட்டும் கொண்டு சுருளின் வெப்பநிலையைக் கணித்தால் விடை தவறிவிடும்.