மார்கழிப் பனி... மின்னல் வேகக் கார்... உங்கள் உடம்பு தயாரா?

ஓசூர்க்காரர்களுக்குப் பனியைப் பற்றி நான் சொல்லித்தர வேண்டியதில்லை. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊர். கார்த்திகை பாதியிலேயே ஸ்வெட்டரும் மஃப்ளரும் பெட்டியை விட்டு வெளியே வந்துவிடும். சிப்காட்டில் முதல் ஷிஃப்ட்டுக்குப் போகிறவர்களுக்கு, எதிரில் வருவது கம்பெனி பஸ்ஸா, லாரியா என்பது பக்கத்தில் வந்த பிறகுதான் தெரியும். இதெல்லாம் பழகிப்போன சங்கதி.

பழகாதது ஒன்று உண்டு. இப்போது நம் வீட்டு வாசல்களில் வந்து நிற்கிற கார்கள்! அப்பா அம்பாஸிடரிலும் மாருதி 800-லும் ஓட்டப் பழகிய வீடுகளில், பிள்ளைகள் 'டர்போ' இன்ஜின் வைத்த கார் வாங்குகிறார்கள். சிலர் ஜெர்மன் காரே வாங்கிவிடுகிறார்கள். வேலை பெங்களூரில், சொந்த ஊர் கிருஷ்ணகிரி அல்லது சேலம். வெள்ளிக்கிழமை ஆபீஸ் முடித்து, சாப்பிட்டு, அத்திப்பள்ளி தாண்டும்போது நள்ளிரவு ஆகிவிடுகிறது. அப்புறம் 44-ம் எண் தேசிய நெடுஞ்சாலையில் (நமக்கு அது இன்னும் பழைய 7-தான்!) ஒரே விரட்டு.

'சித்த மருத்துவருக்கும் காருக்கும் என்ன சம்பந்தம்?' என்று நீங்கள் கேட்கலாம். கார் என்ன விலை என்றாலும் ஓட்டுவது இந்த உடம்புதானே? மார்கழி, தை இரண்டும் முன்பனிக் காலம். கபம் கூடும், மூக்கடைக்கும், தலை கனக்கும். ஒரு நாளை ஆறு சிறுபொழுதாகப் பிரித்த நம் முன்னோர், பின்னிரவு இரண்டு மணி முதல் ஆறு மணி வரை 'வைகறை' என்றார்கள். உடம்புச் சூடு இறங்கி, தூக்கம் ஆளை அமுக்குகிற நேரம் அதுதான் என்று இன்றைய தூக்க ஆராய்ச்சியும் சொல்கிறது. பனி அடர்த்தியாக இறங்குவதும் அதே நேரத்தில்!

சளி மாத்திரையும் ஸ்டீயரிங்கும்

போன மார்கழியில் மத்திகிரியிலிருந்து ஓர் அம்மா வந்தார்.

"பையனுக்கு ஒரே சளி சார். இன்னைக்கு ராத்திரி காரெடுத்துக்கிட்டு சேலம் போறான். சீக்கிரம் கேக்கற மாதிரி ஏதாச்சும் குடுங்க."

"இப்ப என்ன சாப்பிடறான்?"

"மெடிக்கல்ல கேட்டு ஏதோ மாத்திரை வாங்கிப் போட்டுக்கிட்டான். மூக்கு ஒழுகறது நின்னுடுச்சு. ஆனா பகலெல்லாம் தூங்கிக்கிட்டே இருக்கான்."

"அப்படின்னா ராத்திரி வண்டியே எடுக்கக் கூடாதும்மா."

"நான் சொன்னா கேப்பானா சார்? நீங்களே சொல்லுங்க" என்று போனைப் போட்டுக் கொடுத்தார். பையன் சொன்னான்: "நான் நல்லாத்தான் சார் இருக்கேன்!"

ஆபத்தே இந்தப் பதிலில்தான் இருக்கிறது. சாதாரண சளி மாத்திரைகள் பலவற்றில் குளோர்பெனிரமின் என்ற மருந்து இருக்கும். மூக்கொழுகலை நிறுத்துகிற அதே மருந்து மூளையையும் மந்தமாக்கும். தான் மந்தமாக இருப்பது சாப்பிட்டவருக்கே தெரியாது. சில இருமல் சிரப்புகளும் இப்படித்தான். எங்கள் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். நாட்டு மருந்துக் கடையில் வாங்கும் அரிஷ்டம், ஆசவம் வகைகளில் புளிக்கும்போது தானாக உண்டாகிற சாராயச் சத்து கொஞ்சம் உண்டு. வண்டி எடுக்கும் முன் அதையும் ஊற்றிக் குடிக்க வேண்டாம்.

அந்தப் பிள்ளை ஒருவழியாக மறுநாள் வெயில் ஏறிய பிறகு கிளம்பினான். சளிக்கு நொச்சி இலை போட்டு முதல்நாள் ராத்திரியே ஆவி பிடிக்கலாம். ஆடாதோடை மணப்பாகு தூக்கம் தராது. சுக்கு, மிளகு, திப்பிலி சேர்ந்த திரிகடுகச் சூரணத்தைத் தேனில் குழைத்துச் சாப்பிடலாம். வயிற்றுப்புண் உள்ளவர்கள் மட்டும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வழியில் குடிக்கிற சுக்குக் காபி தொண்டைக்கு இதம்தான். ஆனால் காபித்தூள் போடாத சுக்குக் காபி தூக்கத்தை விரட்டாது. பெயரில் மட்டும்தானே காபி!

சர்க்கரைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. மகன் வாங்கிய புதுக் காரை ஓட்டிப் பார்க்க எந்த அப்பாவுக்குத்தான் ஆசை இருக்காது? ஆனால் நீண்டகாலச் சர்க்கரையால் பாதம் மதமதப்பாக இருக்கிறவருக்கு, குளிரில் உணர்ச்சி இன்னும் குறையும். ஆக்ஸிலரேட்டரை எவ்வளவு மிதித்தோம் என்பதே காலுக்குத் தெரியாது. பழைய அம்பாஸிடர் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் கிளம்பும். இந்தக் கார்கள் அப்படியில்லை, கட்டைவிரல் அழுத்தினால் பாய்கின்றன. குளிர்ந்த காற்று அடர்த்தியானது என்பதால் டர்போ இன்ஜின் பனிக்காலத்தில் இன்னும் உற்சாகமாகவே இழுக்கும். மதமதப்பு இருந்தால், மருத்துவரிடம் பாதத்தைக் காட்டி, ஓட்டலாமா என்று கேட்டுவிட்டு உட்காருங்கள். செருப்போடு ஓட்டாதீர்கள். மெல்லிய அடிப்பாகம் உள்ள, காலைக் கவ்விப் பிடிக்கிற ஷூ நல்லது.

காருக்கும் குளிரும்

டயரைப் பாருங்கள். வெப்பம் ஐந்தாறு டிகிரி குறைந்தால் டயரில் ஏறக்குறைய ஒரு பி.எஸ்.ஐ. காற்று குறையும். மத்தியானம் 30 டிகிரி வெயிலில் அடைத்துவிட்டு, விடியற்காலை 14 டிகிரியில் கிளம்பினால் மூன்று பி.எஸ்.ஐ. போச்சு! வண்டி ஓடாமல் ஆறிக் கிடக்கும்போதுதான் காற்றைப் பார்க்க வேண்டும்.

2005-ல் நம் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் ஓட்டினாரே, அந்த ஃபார்முலா ஒன் பந்தயத்தில் டயர்களுக்கு மின்சாரப் போர்வை போர்த்திச் சூடேற்றிய பிறகுதான் களத்தில் விடுவார்கள். குளிர்ந்த ரப்பருக்குப் பிடிப்பு குறைவு என்பதால்தான் அந்த உபசாரம். நம் காருக்குப் போர்வை வேண்டாம். முதல் எட்டுப் பத்து கிலோமீட்டர் நிதானமாகப் போனால் போதும். அதற்குள் இன்ஜின் ஆயிலும் இளகிவிடும். லாரிகள் சிந்திய டீசலின் மேல் பனி ஈரம் படிந்தால் சாலை எண்ணெய் தேய்த்த தரை மாதிரி ஆகிவிடும். அங்கே சட்டென்று பிரேக், சட்டென்று ஆக்ஸிலரேட்டர் இரண்டும் ஆகாது.

கண்ணாடிக்கு உள்பக்கம் ஆவி படிந்தால் கையால் துடைத்துக்கொண்டே ஓட்டுகிறவர்கள் அநேகம். "ஏசி போட்டா இன்னும் குளிருமே!" என்பார்கள். ஏசி காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துவிடும். ஏசியைப் போட்டு, கூடவே சூட்டையும் கூட்டி, வெளிக்காற்று உள்ளே வரும்படி திருப்பி, கண்ணாடிப் பக்கம் விடுங்கள். சில நிமிஷத்தில் தெளிந்துவிடும்.

ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரிக்குச் சுமார் 50 கிலோமீட்டர், பெரும்பாலும் இறக்கம். சூளகிரி வரை தெளிவாக இருந்த சாலை, ஓர் ஏரிக்கரை வந்ததும் வெள்ளை வேட்டி விரித்த மாதிரி மறைந்துவிடும். 100 கிலோமீட்டர் வேகத்தில் கார் ஒரு வினாடிக்கு 28 மீட்டர் ஓடுகிறது. கண்ணுக்குத் தெரிவது 50 மீட்டர்தான் என்றால், முன்னால் விளக்கில்லாமல் நிற்கிற லாரிக்கும் உங்களுக்கும் நடுவே இரண்டு வினாடிகூட இல்லை! ஜெர்மன் பிரேக்கும் அங்கே என்ன செய்யும்? ஹை பீம் போட்டால் பனியே திருப்பிக் கண்ணில் அடிக்கும். தாழ்ந்த விளக்கு போதும். ஓடும்போது நான்கு இண்டிகேட்டரையும் சேர்த்துப் போடாதீர்கள், எந்தப் பக்கம் திரும்புகிறீர்கள் என்று பின்னால் வருகிறவருக்குத் தெரியாது. முடியவில்லையா, சாலையோரத்தில் நிறுத்தாமல் பெட்ரோல் பங்க் வரை மெல்லப் போய் நில்லுங்கள்.

கண் சொக்கினால் பங்க்கில் ஒரு காபி குடித்துவிட்டு இருபது நிமிஷம் தூங்குங்கள். காபியை நான் அவ்வளவாக ஆதரிக்கிறவனில்லை, இதற்கு மட்டும் விதிவிலக்கு. ஆனால் குளிருக்குப் பயந்து எல்லாக் கண்ணாடியையும் ஏற்றி, இன்ஜினை ஓடவிட்டுத் தூங்கவே கூடாது. புகைக்குழாயில் ஓட்டை இருந்தாலோ, அடைத்த ஷெட்டுக்குள் நின்றாலோ, மணமில்லாத கார்பன் மோனாக்ஸைடு தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும்.

2021 ஆகஸ்ட் கடைசியில் பெங்களூரு கோரமங்களாவில் நடுராத்திரிக்கு மேல் ஓர் ஆடி கார் கம்பத்தில் மோதி ஏழு இளம் பிள்ளைகள் போனார்கள். ஓசூரே அழுதது. யாரும் சீட் பெல்ட் போடவில்லை என்று அப்போது போலீஸார் சொன்னார்கள். 2022 செப்டம்பரில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி இறந்ததும் மெர்சிடிஸ் காரின் பின் சீட்டில், பெல்ட் இல்லாமல். பனிக்காலத்தில் பெல்ட் போடுகிறவர்களும், பாட்டிக்குச் சால்வை, குழந்தைக்குத் தடித்த ஸ்வெட்டர் என்று மாட்டி அதன் மேல் பெல்ட்டை இழுக்கிறார்கள். மோதினால் துணி நசுங்கி, பெல்ட் தளர்ந்துவிடும். முதலில் பெல்ட்டை உடம்போடு ஒட்டிப் போடுங்கள், சால்வையை அதற்கு மேல் போர்த்துங்கள்.

பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்கள் போகியன்று விடிகாலையில் கிளம்ப வேண்டாம். பனியோடு பழம்பாய், டயர் எரித்த புகையும் சேர்ந்து சாலை தெரியாது, ஆஸ்துமாக்காரர்களுக்கு மூச்சும் இழுக்கும். வீட்டில் இட்லி சாப்பிட்டுவிட்டு ஒன்பது மணிக்கு மேல் வண்டியை எடுங்கள்.