விமானம் இறங்கி ஊர்ப் பேருந்து பிடிக்க எத்தனை மணி நேரம் வேண்டும்?

வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளைப் பார்த்துவிட்டுத் திரும்பும் பெற்றோர், பள்ளி விடுமுறைக்கு வரும் குடும்பங்கள் என்று நம்மவர்கள் பலர் பெங்களூரில் வந்து இறங்குகிறார்கள். இறங்கிய அன்றே இரவுப் பேருந்தில் ஊர் போய்ச் சேரலாம் என்று முன்கூட்டியே டிக்கெட்டும் எடுத்துவிடுகிறார்கள். அந்தப் பேருந்து எல்லோருக்கும் கிடைப்பதில்லை. ஒக்கலிபுரத்தில் என் வீடு மெஜஸ்டிக்குக்குப் பக்கத்தில் இருப்பதால், பேருந்தை விட்டுவிட்டுப் பெட்டிகளோடு வந்து இரவு தங்கிப் போன உறவினர்கள் உண்டு. ரயில்வேயில் நேர அட்டவணையோடு காலம் கழித்தவன் என்ற முறையில் இதைப் பற்றிச் சில விவரங்கள் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் ஓர் அடிப்படை விஷயம். ரயிலில் இரண்டு வண்டிகளில் தொடர்ந்து போவதானால் இரண்டு முன்பதிவுகளையும் இணைத்துக்கொள்ளும் வசதி 2019 ஏப்ரல் முதல் இருக்கிறது. முதல் வண்டி தாமதமாகி அடுத்தது தவறினால், பயணம் செய்யாத பகுதிக்கு விதிப்படி பணம் திரும்பக் கேட்கலாம். ஜெர்மனியில் பிராங்பர்ட் விமான நிலையத்திலிருந்து ஸ்டிராஸ்பர்க் நகருக்கு லுஃப்தான்சா நிறுவனம் விமான எண் கொடுத்தே பேருந்து விடுகிறது. விமானமும் பேருந்தும் அங்கே ஒரே டிக்கெட்டில் அடங்கும். நாம் தனித்தனியாக வாங்கும் விமான டிக்கெட்டுக்கும் பேருந்து டிக்கெட்டுக்கும் அப்படி ஒரு சம்பந்தமும் கிடையாது. விமானம் தாமதமானால் பேருந்து காத்திருக்காது. புறப்பட்டுப் போன பேருந்துக்குப் பொதுவாகப் பணமும் திரும்பாது. ஆகவே இடைவெளியைக் கணக்குப் போடும் பொறுப்பு முழுவதும் நம்முடையது.

இரண்டாவது, இடம். 2008 மே மாதம் வரை எச்.ஏ.எல். விமான நிலையம் ஊருக்குள்ளேயே இருந்தது. அந்த நினைப்பில் இன்றும் சிலர் கணக்குப் போடுகிறார்கள். இப்போதைய கெம்பேகவுடா விமான நிலையம் நகருக்கு வடக்கே தேவனஹள்ளிப் பக்கம், மெஜஸ்டிக்கிலிருந்து சுமார் 35 கிலோமீட்டரில் இருக்கிறது. ஓசூர்ச் சாலையோ நகருக்குத் தெற்கே. தமிழ்நாட்டுக்குப் போகிறவர்கள் நகரம் முழுவதையும் கடந்தாக வேண்டும்.

இனி கணக்கு. மாலை 4 மணிக்கு விமானம் தரை இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். கதவு திறந்து வெளியே வர 20 நிமிடம். குடியேற்றச் சோதனை 45. பெட்டிகள் வர 40. கழிவறை, பணம் மாற்றுதல், சிம் கார்டு 20. பேருந்து நிற்குமிடம் போய்க் காத்திருக்க 30. இதுவே 2 மணி 35 நிமிடம். மாலை நெரிசலில் மெஜஸ்டிக் வர ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். அங்கிருந்து ஆட்டோவில் சாந்திநகர் பேருந்து நிலையம் போக அரை மணி. மொத்தம் சுமார் 5 மணி நேரம். அதாவது, எல்லாம் ஒழுங்காக நடந்தாலும் 9 மணிப் பேருந்து சந்தேகம். ரயில் அட்டவணையில் தாமதத்தை ஈடுகட்டக் கொஞ்சம் உபரி நேரம் சேர்ப்போம். அதுபோல இங்கும் ஒரு மணி நேரம் சேருங்கள். தரை இறங்கும் நேரத்திலிருந்து 6 மணி நேரம் கழித்துப் புறப்படும் பேருந்துக்கே டிக்கெட் எடுங்கள். நள்ளிரவுக்குப் பின் இறங்கினால் சாலை காலியாக இருக்கும். 4 மணி நேரம் போதும்.

இந்தக் கணக்கில் மிச்சம் பிடிக்க இரண்டு வழிகள் உண்டு. இந்தியக் குடிமக்களும் ஓ.சி.ஐ. அட்டை வைத்திருப்போரும் முன்கூட்டியே பதிவு செய்துகொண்டால் குடியேற்றச் சோதனையைத் தானியங்கி வாயில் வழியாகச் சீக்கிரம் முடிக்கலாம். இவ்வசதி பெங்களூரில் 2025 ஜனவரியில் வந்தது. இன்னொன்று, ஏறும் இடத்தை மாற்றுவது. தனியார் பேருந்துகள் பல நகர நடுவிலிருந்து கிளம்பி மடிவாளா, எலக்ட்ரானிக் சிட்டி வழியாகவே ஓசூர் போகின்றன. விமான நிலையத்திலிருந்து வாயு வஜ்ரா கே.ஐ.ஏ. 9 மெஜஸ்டிக்குக்கும், கே.ஐ.ஏ. 8 எலக்ட்ரானிக் சிட்டிக்கும் போகின்றன. எலக்ட்ரானிக் சிட்டியில் ஏறுவதாகப் பதிவு செய்தால் நகர நடுவுக்குள் நுழையவே வேண்டாம். பேருந்து அங்கு வந்து சேரும் நேரமும் நமக்கு லாபம். ஆனால் பதிவு செய்யும்போதே அந்த இடத்தைக் குறிப்பிட வேண்டும். பிறகு வாய்மொழியாக மாற்றினால் இருக்கை போய்விடக்கூடும்.

தேதியிலும் கவனம் தேவை. துபாயில் 11ஆம் தேதி இரவு ஏறினால் இங்கே இறங்குவது 12ஆம் தேதி அதிகாலை. இரவு 12.30 மணிப் பேருந்து என்றால் அது எந்தத் தேதியைச் சேர்ந்தது என்பதையும் ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள். வெளிநாட்டு எண்ணுக்குப் பேருந்துக்காரர்களின் அழைப்பு வராமல் போகலாம். ஆகவே உள்ளூர் உறவினர் ஒருவரின் எண்ணைக் கொடுங்கள். பாஸ்போர்ட், மருந்து, நகை ஆகியவற்றைப் பேருந்தின் அடியில் வைக்கும் பெட்டியில் போடாமல் கைப்பையில் வையுங்கள்.

கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் போகிறவர்கள் பகலில் இறங்கினால் முன்பதிவே வேண்டாம். சாந்திநகரிலிருந்து அரசுப் பேருந்துகள் அடிக்கடி உண்டு. ஒன்று போனால் அடுத்தது.

துக்கச் செய்தி கேட்டு ஓடி வருகிறவர்கள்தான் மிக நெருக்கமான நேரத்தில் டிக்கெட் எடுக்கிறார்கள். அவர்களுக்குப் பேருந்து தவறினால் இழப்பது பணம் மட்டுமல்ல, கடைசி முகமும்தான். அப்படிப்பட்ட சமயத்தில் ஒரே ஒரு பேருந்தை நம்பாதீர்கள். டாக்சியில் நேராக ஓசூர் போய்விட்டால், அங்கிருந்து சேலம் பக்கம் போகும் எந்தப் பேருந்திலும் ஏறலாம். வயதானவர்கள் தனியாக வந்தால், அன்றிரவே ஊர் போய்ச் சேர வேண்டும் என்று அவசரப்படாமல், பெங்களூரிலுள்ள உறவினர் வீட்டில் ஒரு இரவு தங்கிக் காலையில் கிளம்பலாம். இந்த ஊரில் நமக்கு அப்படி ஒரு வீடு இல்லாமல் போகாது.