வந்தவருக்கு இடம்; இருந்தவருக்கு முதல் மரியாதை

சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயிலின் தீபாராதனையில் ஒரு தனி மரபு உண்டு. கருவறையில் வீற்றிருக்கும் அம்பிகைக்குக் காட்டுவதற்கு முன், அருகிலுள்ள பெரியசாமி மலையில் உறையும் செல்லியம்மனை நோக்கித் தீபம் காட்டப்படுகிறது. அதன் பின்னரே மதுரகாளிக்கு ஆராதனை. கோயில் மதுரகாளியின் பெயரில் இருக்க, முதல் மரியாதை மற்றொரு தெய்வத்துக்கு ஏன்?

தலவரலாறு இதற்கு விடை சொல்கிறது. முன்னொரு காலத்தில் இக்கோயில் செல்லியம்மனுக்கு உரியதாக இருந்தது. மதுரையிலிருந்து சினத்தோடு புறப்பட்டு வந்த தேவி, ஓர் இரவு தங்குவதற்கு இங்கே இடம் கேட்டாள். அப்போது செல்லியம்மன் ஒரு மந்திரவாதியின் பிடியில் சிக்கித் துன்புற்றுக்கொண்டிருந்தாள். தன்னால் வந்தவளுக்கும் தீங்கு நேருமோ என்று அஞ்சிய அவள், தன் நிலையை மறைக்காமல் சொன்னாள். வந்தவளோ அஞ்சாமல் தங்கி, மந்திரவாதியை அழித்து, செல்லியம்மனின் துயர் துடைத்தாள். மனம் மகிழ்ந்த செல்லியம்மன், தன் இடத்தை அவளுக்கே அளித்துவிட்டு மலைக்குச் சென்றாள். இடம் பெற்றவள், இடம் தந்தவளை மறக்கவில்லை. அந்த நன்றிதான் முதல் தீபமாக இன்றும் மலையை நோக்கி உயர்கிறது.

பல சமயத்தவரும், பல மொழியினரும், பல ஊர்களிலிருந்து வந்தவரும் ஒரே வீதியில் வாழ்வது எப்படி என்ற கேள்விக்கு, பெரம்பலூர், அரியலூர் மண் தரும் விடையும் இதுவே. வந்தவருக்கு இடம் தர வேண்டும். இடம் பெற்றவர் இருந்தவரை மதிக்க வேண்டும். இவ்விரண்டில் ஒன்று குறைந்தாலும் ஊர் நிலைக்காது.

மாவிலக்கும் மனங்களும்

சிறுவாச்சூரில் திங்கள், வெள்ளிக் கிழமைகள் விசேடமானவை. மரபுப்படி அந்நாள்களிலேயே அம்மன் சந்நிதி திறக்கப்பட்டு வந்தது. அன்று கோயில் வளாகத்திலேயே அரிசியை இடித்து மாவிளக்கு ஏற்றுவது இங்குள்ள தனிச்சிறப்பான பிரார்த்தனை. மதுரகாளியைக் குலதெய்வமாகக் கொண்ட குடும்பங்கள் ஒரு சாதிக்கோ ஒரு வட்டாரத்துக்கோ உரியவை அல்ல. உள்ளூர் உழவர் குடும்பமும், பல தலைமுறைகளுக்கு முன் பெருநகரங்களில் குடியேறிய குடும்பமும் இங்கே அருகருகே அமர்ந்து மாவிடிக்கின்றன. ஒருவர் உலக்கையை மற்றவர் வாங்கிக்கொள்கிறார். ஒருவருக்குக் குறைந்த வெல்லத்தை அடுத்தவர் தருகிறார். அம்மன் முன் அவர்கள் அனைவரும் ஒரு தாயின் மக்கள்.

கல்லும் தெய்வமானது

அரியலூரை அடுத்த கல்லங்குறிச்சியில் அருள்பாலிக்கும் கலியுக வரதராசப் பெருமாளுக்கு மூலவராக நிற்பது ஒரு கல்தூண். அடியில் ஆஞ்சநேயர் உருவம் விளங்க, நெடிது உயர்ந்து நிற்கும் கம்பமே அங்கே பெருமாள்.

இதற்கும் ஒரு வரலாறு உண்டு. வேறோர் ஊர்க் கோயிலின் திருப்பணிக்காக வண்டியில் ஏற்றிச் சென்ற தூண், வண்டியின் அச்சு முறிந்ததால் வழியிலேயே விடப்பட்டது. அங்கே வேறு தூணைக் கொண்டு பணியை முடித்துவிட்டார்கள். வேண்டாததாகக் கிடந்த அந்தக் கல்லின் அருகே, காணாமற்போன தன் பசு தானாகவே பால் சொரிந்து நிற்பதை ஒரு மந்தைக்காரர் கண்டார். இறைவன் அவர் கனவில் தோன்றித் தன்னை உணர்த்தினான் என்பர். வழிப்போக்கில் வந்து, போக வேண்டிய இடம் போகாமல் தங்கிவிட்ட கல்லைத் தெய்வமாக ஏற்றுக்கொண்டது அவ்வூர். பங்குனி மாத இராமநவமியை ஒட்டி நடைபெறும் பெருந்திருவிழாவில், விளைச்சலின் ஒரு பங்கைத் தானியமாகக் காணிக்கை செலுத்த வரும் உழவர்கள் பலர்.

பழுவூரில் மலையாளர்

அரியலூரிலிருந்து தஞ்சை செல்லும் வழியில் உள்ள கீழப்பழுவூர் ஆலந்துறையார் கோயில் பாடல் பெற்ற தலம். பரசுராமர் வழிபட்டதாகச் சொல்லப்படும் தலமும் ஆகும். ஏழாம் நூற்றாண்டில் இங்கு எழுந்தருளிய திருஞானசம்பந்தர், தம் பதிகத்தில் மலையாளர் இத்தலத்து இறைவனைப் போற்றி வழிபடுவதைக் குறிப்பிட்டுள்ளார். பிற்காலத்தில் இப்பகுதியை ஆண்ட பழுவேட்டரையர்களையும் சேரநாட்டோடு தொடர்புடையவர்களாக அன்பில் செப்பேடு குறிக்கிறது. முதலாம் பராந்தகச் சோழன் அக்குலத்து மகளை மணந்தான்.

ஏறத்தாழ 1,300 ஆண்டுகளுக்கு முன்பே, மேற்கு மலைகளுக்கு அப்பாலிருந்து வந்தவர்கள் காவிரிக்கு வடபால் ஒரு சிற்றூரில் வழிபட்டு வாழ்ந்திருக்கிறார்கள். அவர்களை அந்நியர் என்று ஒதுக்காமல், அவர்தம் வழிபாட்டைத் தலத்தின் பெருமையாகவே பாடியுள்ளார் ஆளுடைய பிள்ளையார்.

கங்கைகொண்ட சோழபுரத்தில் இக்கதை வேறு வகையில் தொடர்கிறது. முதலாம் இராசேந்திரன் (1014–1044) அமைத்த அத்தலைநகருக்குப் பல நாடுகளிலிருந்து சிற்பங்கள் வந்து சேர்ந்தன. ஒரே கல்லில் தாமரையும் தேரும் கோள்களும் அமைந்த சௌரபீடம் சாளுக்கியக் கலைப்பாணியைச் சார்ந்தது என்பர் ஆய்வாளர். சுற்றுவட்டாரத்தில் கலிங்கப் பாணியில் அமைந்த காளி, பைரவர் உருவங்களும் உள்ளன. இவை போரில் வென்று கொணரப்பட்டவை; அன்போடு அழைக்கப்பட்டு வந்தவை அல்ல. ஆயினும், வந்த பின் அவற்றை வெற்றிச் சின்னமாக மட்டும் வைத்துவிடவில்லை மக்கள். விளக்கேற்றினார்கள், பூச்சூட்டினார்கள், தங்கள் தெய்வமாகவே கொண்டார்கள். கங்கைக் கரையிலிருந்த சைவ ஆசாரியர்களை இராசேந்திரன் அழைத்து வந்து சோழ நாட்டில் குடியமர்த்திய செய்தியைத் திரிலோசன சிவாசாரியர் தம் சித்தாந்த சாராவளியில் பதிவு செய்துள்ளார். 2004ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்கப்பட்ட இக்கோயில், பல தேசத்துக் கைகளும் பல தேசத்துப் பக்தியும் கூடிய இடம்.

கோட்டையும் பள்ளிவாசலும் மாதா கோயிலும்

பெரம்பலூருக்கு வடக்கே, வாலி வழிபட்டதாகச் சொல்லப்படும் வாலீசுவரர் கோயில் விளங்கும் வாலிகண்டபுரம், பதினேழாம் நூற்றாண்டில் பீஜப்பூர் சுல்தானின் பிரதிநிதியான ஷேர்கான் லோடியின் தலைமையிடமாக இருந்தது. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் குடியேற இசைவளித்தவர் இவரே. அருகிலுள்ள ரஞ்சன்குடிக் கோட்டைக்குள்ளும் ஒரு பள்ளிவாசல் உண்டு. வெள்ளாற்றங்கரையில் உள்ள லப்பைக்குடிக்காட்டின் பெயரே ஒரு வரலாறு. ‘குடிக்காடு’ என்று முடியும் ஊர்ப்பெயர்கள் இவ்வட்டாரத்தில் பல. இசுலாமியர் வாழும் ஊரும் அதே தமிழ்ப் பெயரையே சூடிக்கொண்டு நிற்கிறது.

கொள்ளிடத்துக்கு வடக்கே உள்ள ஏலாக்குறிச்சிக்குத் திருக்காவலூர் என்று பெயர் சூட்டியவர் வீரமாமுனிவர். 1680இல் இத்தாலியில் பிறந்து, தமிழகம் வந்து, தேம்பாவணியும் சதுரகராதியும் தந்தவர். அவர் நிறுவிய அடைக்கல மாதா ஆலயத்துக்கு அரியலூர் மழவராயர் நிலம் அளித்ததாக வழிவழிச் செய்தி கூறுகிறது. தீராத பிளவை நோய் நீங்கிய நன்றியால் அளித்தார் என்பர். சைவ, வைணவ ஆலயங்களைப் புரந்த ஒரு குறுநில மன்னர், மற்றொரு சமயத்து ஆலயத்துக்கும் கொடை அளித்தார். ‘அடைக்கலம்’ என்ற சொல்லே அங்கே தெய்வத்தின் பெயராக நிற்பது எண்ணி மகிழத்தக்கது.

உ.வே.சா.வை உருவாக்கிய வீதிகள்

இவ்வாறு பலரும் கூடி வாழ்வதால் ஊருக்கு என்ன பயன் என்று கேட்போருக்கு, ஒரு மாணவரின் வாழ்க்கையே விடையாகும். தமிழ்த்தாத்தா உ.வே. சாமிநாதையர் தம் இளமையில் அரியலூரிலும் குன்னத்திலும் சுற்றியுள்ள ஊர்களிலும் வாழ்ந்தவர். அரியலூரில் அவருக்குத் தமிழ்ச்சுவை ஊட்டியவர் வைணவரான சடகோபையங்கார். குன்னத்தில் பாடம் சொன்னவர் சிதம்பரம் பிள்ளை. யாப்பிலக்கணம் கற்பித்தவர் செங்கணம் விருத்தாசல ரெட்டியார். தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட மரபில் வந்த அவர், தமிழின் செய்யுள் இலக்கணத்தில் கரை கண்டவர். சாதியும் சமயப் பிரிவும் வீட்டு மொழியும் பார்த்திருந்தால் இவர்களில் எத்தனை பேர் அச்சிறுவனுக்கு ஆசிரியராகியிருக்க முடியும்?

பின்னாளில் அவர் 1887இல் பதிப்பித்த சீவக சிந்தாமணி சமணக் காப்பியம். 1898இல் பதிப்பித்த மணிமேகலை பௌத்தக் காப்பியம். சிந்தாமணியின் பொருள் விளங்காத இடங்களில், கும்பகோணத்தில் வாழ்ந்த சமணர்களின் இல்லம் தேடிச் சென்று கேட்டுத் தெளிந்தார். அண்டை வீட்டாரிடம் கேட்டுக் கற்பது இழிவன்று என்ற பாடத்தை அவருக்கு இளமையிலேயே கற்பித்தவை இந்தச் சிற்றூர்களின் வீதிகள் அல்லவா?

வீதி யாருக்கு உரியது?

இந்த நல்வாழ்வு தானாக நிலைத்துவிடுவதில்லை. பெரம்பலூர் மாவட்டம் வி.களத்தூரில், கோயில் திருவிழா ஊர்வலம் செல்லும் வீதிகள் குறித்து இரு சமயத்தவரிடையே பிணக்கு எழுந்தது. பல ஆண்டுகள் நீடித்த அப்பிணக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்றது. 2021ஆம் ஆண்டு வழங்கிய தீர்ப்பில், பொது வீதியை எந்த ஒரு சமயத்தாரும் தமக்கு மட்டுமே உரியதெனக் கொள்ள முடியாது என்று நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. ஒரு சாரார் மற்றவர் விழாவை மறுக்க, அவர்களும் பதிலுக்கு மறுக்கத் தொடங்கினால், முடிவில் எவராலும் எந்த விழாவையும் நடத்த இயலாத நிலையே ஏற்படும் என்றும் எச்சரித்தது.

வீதி திறந்திருக்க வேண்டும் என்பதை நீதிமன்றம் சொல்லலாம். சாமி புறப்பாடு வரும்போது வாசலில் வந்து நிற்கும் அண்டை வீட்டாரின் புன்னகையை எந்தத் தீர்ப்பும் தர இயலாது. அது, தொழுகை நேரத்தில் மேளத்தைச் சற்றே நிறுத்தும் கனிவாலும், ஊர்வலத்துக்கு வழிவிட்டு வாகனத்தை ஒதுக்கி வைக்கும் பெருந்தன்மையாலும் மட்டுமே வளரும்.

இன்று சுண்ணாம்புக்கல் மிகுந்த அரியலூரைச் சுற்றி சிமென்ட் ஆலைகள் எழுந்துள்ளன. வடமாநிலங்களிலிருந்தும் தொழிலாளர் வருகின்றனர். அவர்களுக்கு இந்த ஊரில் முதலில் கிடைப்பது என்ன என்பதை, அவர்கள் குடியிருக்கும் தெருவே முடிவு செய்கிறது. பொங்கலன்று ஒரு கிண்ணம் சர்க்கரைப் பொங்கல், நோன்புக் காலத்தில் அண்டை வீட்டிலிருந்து வரும் கஞ்சி, கிறிஸ்துமஸ் நாளில் கை மாறும் பலகாரத் தட்டு: பலரும் கூடி வாழும் தெருவில் குடியிருப்போர் பெருமையுடன் நினைவுகூர்வது இவற்றையே. காய்ச்சல் வந்த இரவில் கதவைத் தட்ட ஒரு வீடு இருக்கிறது என்ற நம்பிக்கையும் அத்தட்டுகளோடு சேர்ந்தே வருகிறது.

சிறுவாச்சூர் செல்லும் குடும்பத்தினர், தீபாராதனையின்போது குழந்தைகளை முன்னே நிறுத்தி, முதல் தீபம் எத்திசை நோக்கிக் காட்டப்படுகிறது என்பதைக் கவனிக்கச் சொல்லலாம். அதன் காரணத்தை வீடு திரும்பும் வழியில் எடுத்துரைக்கலாம். பெரம்பலூரிலிருந்து திருச்சி செல்லும் நெடுஞ்சாலையில் சுமார் 8 கி.மீ. தொலைவில் உள்ளது இத்தலம். இடம் தந்த தெய்வத்தையும் இடம் பெற்ற தெய்வத்தையும் ஒருசேர வணங்கித் திரும்புவோர், தம் தெருவில் புதிதாகக் குடிவந்தவர் வீட்டுக் கதவையும் ஒருமுறை தட்டி நலம் விசாரித்தால், அம்பிகை மகிழ்ந்து அருள்வாள்.