எடையைக் குறைக்க முயல்வோருக்கு ஒரு குறிப்பேடு

உடல் எடையைக் குறைக்க விரும்புவோர் பலர் முதல் இரண்டு வாரங்கள் ஊக்கத்துடன் நடப்பர், சோற்றைக் குறைப்பர், நாள்தோறும் தராசில் ஏறிப் பார்ப்பர். மூன்றாம் வாரத்தில் எண் அசையாது நின்றால் மனம் தளர்ந்து முயற்சியைக் கைவிடுவர். குறை பெரும்பாலும் மன உறுதியில் இல்லை. உண்பது எவ்வளவு, உடல் செலவிடுவது எவ்வளவு என்பதை நினைவிலிருந்து மதிப்பிடுவதே குறை. ஒரு கொப்பியில் உணவு, உடற்பயிற்சி, எடை ஆகிய மூன்றையும் எழுதி வருவது இக்குறையைப் பெருமளவு நீக்கும்.

தமிழர் ஏன் கவனிக்க வேண்டும்?

தெற்காசிய மக்களுக்கு, ஐரோப்பிய வம்சாவளியினரைவிடக் குறைந்த எடையிலேயே நீரிழிவும் இதய நோயும் ஏற்படக்கூடும். கிலோகிராமில் உள்ள எடையை, மீற்றரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் உடல் நிறைச் சுட்டெண் கிடைக்கும். பொதுவாக இது 25 அல்லது அதற்கு மேல் இருந்தால் எடை அதிகம் எனக் கொள்ளப்படுகிறது. ஆசிய மக்களைப் பொறுத்தவரை 23 முதலே கவனம் தேவை என உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004 இல் எடுத்துரைத்தது. 160 சென்ரிமீற்றர் உயரமுள்ள ஒருவருக்கு இது ஏறத்தாழ 59 கிலோ ஆகும். வயிற்றுச் சுற்றளவு தெற்காசிய ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றரையும் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றரையும் எட்டாதிருப்பது நன்று.

பெரிய இலக்கு தேவையில்லை. 70 கிலோ எடையுள்ள ஒருவர் மூன்றரைக் கிலோ குறைத்தாலே இரத்தச் சர்க்கரையிலும் இரத்த அழுத்தத்திலும் நன்மை காணலாம்.

கிலோஜூலும் கலோரியும்

அவுஸ்திரேலியாவில் உணவுப் பொதிகளில் சக்தியின் அளவு கிலோஜூலில் அச்சிடப்படுகிறது. இலங்கை, இந்தியக் கடைகளில் கிடைக்கும் பல பொதிகளிலும் கைத்தொலைபேசிச் செயலிகளிலும் அது கலோரியில் இருக்கும். ஒரு கலோரி ஏறத்தாழ 4.2 கிலோஜூலுக்குச் சமம். இரண்டையும் கலந்து எழுதினால் கணக்கு முழுவதும் பிழைத்துவிடும். ஆகவே ஓர் அலகை மட்டும் தெரிவு செய்தல் வேண்டும்.

வயதுவந்த ஒருவரின் சராசரித் தேவையாகப் பொதிகளில் காணப்படும் 8,700 கிலோஜூல் எல்லோருக்கும் பொருந்தாது. உயரம் குறைந்தவர்களுக்கும் முதியோருக்கும் தேவை இதனிலும் குறைவாக இருக்கலாம். பொதியில் 'ஒரு பரிமாறல்' எனக் குறிக்கப்படுவது தயாரிப்பாளர் தீர்மானித்த அளவே. வீட்டில் உண்ணும் அளவு அதைவிடக் கூடுதலாக இருக்கக்கூடும். கரண்டியிலும் வேறுபாடு உண்டு. அவுஸ்திரேலிய மேசைக்கரண்டி 20 மில்லிலீற்றர். பிற நாடுகள் பலவற்றில் அது 15 மில்லிலீற்றர்.

பொதுப் பானையை அளத்தல்

தனித்தட்டில் அளந்து வைக்கும் உணவைக் கணக்கிடுவது எளிது. தமிழ் வீடுகளில் ஒரே பானையிலிருந்து எல்லோரும் உண்பதால் எண்ணெய், தேங்காய்ப்பால், தேநீரில் இடும் சீனி ஆகியன கணக்கில் விடுபட்டுப் போகின்றன. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் ஏறத்தாழ 680 கிலோஜூல் உண்டு. நால்வருக்கான கறிகளில் நான்கு மேசைக்கரண்டி எண்ணெய் சேர்ந்தால், ஒவ்வொருவர் பங்கிலும் ஒரு கரண்டி எண்ணெய் இருக்கும். ஒரு கோப்பை வெள்ளைச் சோற்றில் சுமார் 900 முதல் 1,000 கிலோஜூல் வரை உண்டு. இரண்டு தேக்கரண்டிச் சீனியுடன் நாளொன்றுக்கு மூன்று முறை தேநீர் அருந்துபவர், சீனியிலிருந்து மட்டும் ஏறத்தாழ 400 கிலோஜூல் பெறுகிறார்.

எண்ணெயைப் போத்தலிலிருந்து நேரே ஊற்றாமல் கரண்டியால் அளந்து ஊற்றி, உண்போர் எண்ணிக்கையால் வகுத்தால் போதும். குறிப்பேடு எழுதுபவரும் சமைப்பவரும் பல வீடுகளில் வேறு வேறானவர்கள். எனவே சமைப்பவருக்கும் இம்முயற்சியில் பங்கு இருத்தல் அவசியம். விருந்தில் உண்டதையும், சமைக்கும்போது சுவை பார்த்ததையும், குழந்தையின் தட்டில் எஞ்சியதை வீணாக்காது உண்டதையும் எழுத வேண்டும். குறிப்பேடு எவரையும் குற்றஞ்சாட்டுவதற்கு அன்று. உண்மை நிலையை அறிவதற்கே ஆகும்.

நடையின் பயன்

70 கிலோ எடையுள்ள ஒருவர் அரை மணி நேரம் சற்று விரைந்து நடந்தால் சுமார் 500 கிலோஜூல் செலவாகும். இது ஒரு மேசைக்கரண்டி எண்ணெயின் அளவிலும் குறைவு. எனவே நடந்த நாளில் கூடுதலாக உண்ணலாம் எனக் கருதுவது முயற்சியை வீணாக்கும். எனினும் இரத்தச் சர்க்கரை, இதயம், உறக்கம், தசை வலு ஆகிய அனைத்துக்கும் உடற்பயிற்சி இன்றியமையாதது. வாரத்தில் 150 முதல் 300 நிமிடங்கள் வரை மிதமான பயிற்சியும், இரண்டு நாட்களேனும் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியும் வயதுவந்தோருக்குப் பரிந்துரைக்கப்படுகின்றன. கைக்கடிகாரங்கள் காட்டும் கிலோஜூல் அளவு ஒரு மதிப்பீடே. நடந்த நிமிடங்களை எழுதுவது மேலானது.

தராசைப் படிக்கும் முறை

காலையில் உண்பதற்கு முன், ஒரே தராசில், கடினமான தரையில் வைத்து எடை பார்த்தல் நன்று. உடலில் தங்கும் நீர், உணவிலுள்ள உப்பு ஆகியவற்றால் எடை ஓரிரு நாட்களில் ஒன்று அல்லது இரண்டு கிலோ மாறலாம். திருமண விருந்துக்கு மறுநாள் ஒரு கிலோ கூடியிருந்தால் அது முழுவதும் கொழுப்பு அன்று. ஒரு கிலோ கொழுப்புச் சேரத் தேவைக்கு மேலாக ஏறத்தாழ 32,000 கிலோஜூல் உண்ண வேண்டும். ஆகவே தனி நாளின் எண்ணை விடுத்து, வாரச் சராசரிகளை ஒப்பிடுதல் வேண்டும். வாரத்துக்கு அரைக் கிலோ முதல் ஒரு கிலோ வரை குறைவது பாதுகாப்பான வேகம். நான்கு வாரங்களாகச் சராசரி அசையவில்லையெனில் வேளை உணவைத் தவிர்க்காமல், எண்ணெய், தேநீர், சிற்றுண்டி ஆகியவற்றின் பதிவுகளை முதலில் மீளப் பார்க்கலாம்.

கவனிக்க வேண்டியவை

இன்சுலின் அல்லது சிலவகை நீரிழிவு மாத்திரைகளைப் பயன்படுத்துவோர், வைத்தியரிடம் கேட்காமல் உணவைக் குறைத்தலோ பயிற்சியைக் கூட்டுதலோ ஆகாது. இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழக்கூடும். வியர்வை, நடுக்கம், குழப்பம் ஆகியன அதன் அறிகுறிகள். ஒருவர் மயங்கி விழுந்தால் உடனே 000 ஐ அழைத்தல் வேண்டும். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் வைத்திய ஆலோசனையின்றி எடை குறைக்க முயலலாகாது. பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். முயற்சி ஏதுமின்றி எடை குறைந்தால் வைத்தியரை நாட வேண்டும். எழுதுவதால் உணவின் மீது அச்சமோ குற்றவுணர்வோ தோன்றினால் குறிப்பேட்டை நிறுத்திவிடுவதே நன்று. உண்ணல் தொடர்பான மனத்துயருக்குப் பட்டர்ஃப்ளை உதவிச் சேவையை 1800 33 4673 என்ற இலக்கத்தில் அழைக்கலாம்.

உதவி பெறுதல்

நீரிழிவு போன்ற நாட்பட்ட நோய் உள்ளவர்களுக்குக் குடும்ப வைத்தியர் பராமரிப்புத் திட்டம் ஒன்றை வகுத்தால், உணவியல் நிபுணர் உள்ளிட்டோரிடம் ஓராண்டில் மொத்தம் ஐந்து தடவை வரை மெடிகேர் உதவியுடன் ஆலோசனை பெற வழியுண்டு. பொதுவான உடல்நல ஆலோசனைக்கு ஹெல்த்டைரெக்ட் இலக்கம் 1800 022 222. தமிழ் மொழிபெயர்ப்பாளர் தேவைப்படுவோர் 131 450 ஐ அழைக்கலாம். வைத்தியரிடம் நேரம் ஒதுக்கும்போதே மொழிபெயர்ப்பாளர் வேண்டும் எனக் கூறிவைத்தல் நன்று. செல்லும்போது இரண்டு வாரப் பதிவுகளையேனும் உடன் கொண்டுசெல்லுதல் பயன் தரும். எண்கள் துல்லியமாக இல்லாவிடினும், விடுபடாமல் எழுதிய பக்கங்கள் எங்கே மாற்றம் தேவை என்பதை வைத்தியருக்குக் காட்டிவிடும்.