நெல்லுக்கு முன் பூக்கும் உரம்

சீனா, ஜப்பான், கொரியா நாடுகளின் நெல் வயல்களில், அறுவடைக்குப் பிந்தைய குளிர்காலத்தில் வளர்க்கப்படும் பசுந்தாள் உரப்பயிர் சீன மில்க்வெட்ச். இதன் தாவரவியல் பெயர் அஸ்ட்ராகலஸ் சினிகஸ். ஜப்பானியர் ரெங்கே என்று அழைப்பார்கள். தமிழ்நாட்டில் தக்கைப்பூண்டும் சணப்பும் வயலுக்குச் செய்யும் நன்மையை அங்கே இது செய்கிறது. அவரை, உளுந்து, பட்டாணி அடங்கிய குடும்பமே இதற்கும் உரியது. அஸ்ட்ராகலஸ் பேரினத்தில் ஏறத்தாழ 3,000 இனங்கள் உள்ளன. பூக்கும் தாவரங்களில் மிகப் பெரிய பேரினம் இதுதான்.

செடி தரையோடு படர்ந்து கிளைத்து, வசந்தத்தில் ஓரடி உயரம் வரை நிமிரும். ஒவ்வோர் இலையிலும் முட்டை வடிவச் சிற்றிலைகள் எதிரெதிராக அமைந்து, நுனியில் ஒன்று தனித்து நிற்கும். நீண்ட காம்பின் உச்சியில் ஏழு முதல் பத்து பூக்கள் வட்டமாகக் கூடி, இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த குடையாக விரியும். தேனீ வந்து அமர்ந்ததும் அதன் எடையில் பூவின் கீழிதழ்கள் தாழும். உள்ளே மறைந்திருக்கும் மகரந்தத் தாள்கள் வெளிப்பட்டு அதன் வயிற்றில் உரசும். முற்றிய காய்கள் கறுத்துவிடும்.

செடியைப் பிடுங்கினால் வேரில் சிறு முடிச்சுகள் தெரியும். அவற்றில் வாழும் பாக்டீரியாக்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்கு உணவாக மாற்றித் தருகின்றன. எல்லா வேர்முடிச்சுப் பாக்டீரியாவும் இந்தச் செடிக்கு உதவாது. இதற்கேற்ற இனத்தை 1991இல் விவரித்த ஆய்வாளர்கள், சீன மண் நுண்ணுயிரியலாளர் சென் ஹுவாகுயைச் சிறப்பிக்கும் வகையில் அதற்குப் பெயரிட்டனர். இச்செடியை முன்பு பயிரிடாத வயலில், விதையுடன் அந்தப் பாக்டீரியாவைக் கலந்து விதைப்பது அவசியம்.

ஒரு டன் பச்சைத் தழையில் ஏறத்தாழ 4 கிலோ தழைச்சத்து இருக்கும். தழை மாட்டுக்கும் பன்றிக்கும் தீவனமாகிறது. சீனாவில் இளங்கொழுந்தைக் கீரையாகச் சமைப்பார்கள். ஜப்பானில் ரெங்கே தேனுக்குத் தனி மதிப்பு உண்டு. சீன மருத்துவத்தில் பெயர்பெற்ற ஹுவாங்சி வேர் இதன் உறவுச் செடியிலிருந்து கிடைப்பது. இரண்டையும் ஒன்றாக எண்ணக் கூடாது.

சாகுபடியில் காலம் தவறாமை முக்கியம். நெல் அறுவடைக்கு இரண்டு வாரம் முன்பு, தண்ணீரை வடித்துவிட்டு, நிற்கும் பயிருக்கிடையே விதையைத் தூவுவார்கள். ஹெக்டேருக்கு 30 முதல் 40 கிலோ விதை பிடிக்கும். விதைத்தோல் கடினமானது, மணலுடன் சேர்த்துத் தேய்த்தால் முளைப்பு சீராகும். முளைக்க ஈரம் வேண்டும். ஆனால் தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும். ஆகவே அறுவடைக்குப் பின் வடிகால் வாய்க்கால் எடுப்பார்கள். மணிச்சத்து உரம் சிறிது இட்டால் வேர்முடிச்சுகள் பெருகித் தழையும் செழிக்கும்.

ஏப்ரல், மே மாதங்களில் பூத்துக் குலுங்கும்போது மடக்கி உழ வேண்டும். அப்போது தழை மிகுந்திருக்கும், தண்டும் முற்றியிருக்காது. காலம் கடந்தால் தண்டு நாராகி மக்குவதற்கு நாளாகும். உழுத கையோடு தண்ணீர் கட்டி நாற்று நடுவதும் தவறு. காற்றில்லாத சேற்றில் தழை அழுகும்போது உண்டாகும் அமிலங்களும் வாயுக்களும் இளவேரைக் கெடுக்கும். இரண்டு, மூன்று வாரம் மக்கவிட்டு நடுவதே நல்லது. தழை அதிகமாகச் சேர்ந்த வயலில் தழைச்சத்து உரத்தைக் குறைக்காவிட்டால் நெல் சாய்ந்துவிடும்.

1982இல் ஜப்பானில் கண்டறியப்பட்ட குதிரைமசால் கூன்வண்டின் புழுக்கள் மொட்டையும் பூவையும் தின்று, உழவரோடு தேனீ வளர்ப்போரையும் பாதித்தன. அதற்கு முன்பே, மலிவான இரசாயன உரமும் முன்கூட்டியே நடும் வழக்கமும் இந்தப் பயிரின் பரப்பைச் சுருக்கியிருந்தன. நடவு முந்தினால் செடிக்குப் பூக்கவும் மக்கவும் நாள் போதாது. மண்வளம் காப்பதற்காகச் சீனாவின் தென்மாகாணங்களில் இப்போது மீண்டும் இதைப் பரப்பி வருகிறார்கள். உரச்செலவு குறைவதோடு, குளிர்காலம் முழுவதும் மண் வெறுமையாகக் கிடக்காமல் இருப்பதும் இதனால் கிடைக்கும் நிலையான பலன்.